தாத்தாவின் கடிகாரத்துக்கு வந்த கிராக்கி!

காரமடைப் பக்கத்துத் தோட்டத்து வீடானாலும் சரி, கோவை மில் தொழிலாளி வீடானாலும் சரி, பழைய பெட்டியைக் கிளறினால் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடைக்கலாம். மாப்பிள்ளைக்குச் சீராக வந்தது. அதைத் தேடி இப்போது ஆட்கள் அலைகிறார்கள்!

பெங்களூரில் 1961-ல் ஜப்பான் 'சிட்டிசன்' கம்பெனியின் உதவியோடு எச்.எம்.டி. கடிகாரம் பிறந்தது. 2016-ல் அந்தக் கம்பெனியை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இனி வராது என்றதும், சாவி கொடுக்கும் சாதாரண 'ஜனதா'வுக்குக் கூட மவுசு!

உலகச் சந்தையில் 'குரோனோகிராப்' என்ற ரகத்துக்குத்தான் பெரிய விலை. அது என்ன? மணியும் காட்டும், ஓட்டப் பந்தய நேரத்தையும் அளக்கும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் தனி முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். 1969-ல் சந்திரனில் நடந்த ஆல்ட்ரின் கட்டியிருந்தது இந்த ரகமே. ஹாலிவுட் நடிகர் பால் நியூமனுக்கு மனைவி பரிசளித்த 'ரோலெக்ஸ்' குரோனோகிராப், 2017-ல் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 1 கோடியே 77 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 115 கோடி ரூபாய்!

பூச்சு வேலை

பணம் புரளும் இடத்தில் பித்தலாட்டமும் வரும். நாலு கடிகாரத்தின் உறுப்புகளை ஒன்றாக்கி, முகத்துக்குப் புதுச் சாயம் பூசி, 'பழைய சரக்கு' என்று விற்கிறார்கள். பளபளப்பைக் கண்டு மயங்குகிறவர் ஏமாறுகிறார்.

வீட்டுக் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுப்பவரும் இதே தவறைச் செய்கிறார். 'புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்' என்கிறார். முகத்தில் சாயம் ஏறியதும் பாதி மதிப்பு போய்விடும். மங்கிய எழுத்துதான் அது அசல் என்பதற்குச் சாட்சி. உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொன்னால் போதும். காய்ந்த எண்ணெயோடு சாவி கொடுத்து ஓட விட்டால் சக்கரம் தேயும். குரோனோகிராப்பில் சக்கரமும் நெம்புகோலும் அதிகம். ஒன்று போனால், அதே ரகத்தில் வேறொரு செத்த கடிகாரத்தைத் தேட வேண்டியதுதான்!

இன்னொன்று. இருட்டில் மின்னிய பழைய முட்கள் பலவற்றில் ரேடியம் உண்டு. ஒளி மங்கினாலும் நஞ்சு மங்காது. அதன் வீரியம் பாதியாகவே 1600 ஆண்டு பிடிக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டினால் தூள் மூச்சோடு உள்ளே போகும். குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.