அளவுகோல் மாறலாமா?



முதலாம் ஆண்டில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் நமக்குச் சொல்லித் தந்த பாடம் நினைவிருக்கிறதா? எதையும் அளப்பதற்கு முன்னால் ஸீரோ எர்ரர் பார்! கருவியிலேயே பிழை இருந்தால் எத்தனை தரம் அளந்தாலும் பிழைதான். நமக்குப் பிடித்தவன் செய்த ஜாபுக்கு ஒரு ஸ்கேல், பிடிக்காதவன் செய்த ஜாபுக்கு வேறு ஸ்கேல் என்று வைத்தால் இன்ஸ்ட்ரக்டர் சும்மா விடுவாரா?

2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்த வாரம். ஹாஸ்டல் மெஸ்ஸில் என் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஏன்டா, உங்க வேதக்காரங்கதானே டிரம்புக்கு அள்ளிக் கொட்டியிருக்காங்க? பைபிள்ல இதத்தான் சொல்லியிருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், நான் கட்டுப்பெட்டியான கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. 1956ல் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாம் பாளையங்கோட்டையில் கூட்டம் நடத்தியபோது, அரைக்கால் சட்டையோடு போய்க் கேட்டவர் எங்கள் தாத்தா. அந்த ஊர் விசுவாசத்தின் மேல் எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை! அன்றைக்கு நான் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைப் பார்ப்போம். 1962ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் ஜெபத்தை ஏற்பாடு செய்து நடத்தக் கூடாது என்றது. 1973ல் கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்றது. தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குடும்பம், பிறக்காத சிசு எல்லாமே கை நழுவிப் போகிறதே என்று அந்த மக்கள் பதறினார்கள். போதகர்களுக்கு அரசியல் வேண்டாம் என்று 1965ல் பிரசங்கம் செய்த ஜெர்ரி ஃபால்வெல்லே, 1979ல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி அரசியலில் குதித்தார். தவறா? இல்லை என்பேன். விசுவாசி என்பதற்காக ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்ன? மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு போதகர்தானே!

பேசியது தவறல்ல. அளவுகோலை மாற்றியதுதான் தவறு!

1998ல் கிளிண்டனின் ஒழுக்கக் கேடு சந்தி சிரித்தது. அந்த ஆண்டு சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, பதவியில் இருப்பவர்களுக்கு ஒழுக்கம் மிக முக்கியம் என்று தீர்மானமே போட்டது. நல்ல தீர்மானம். ஆனால் பிறகு நடந்தது என்ன? 'தனி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பதவிக் கடமையை நேர்மையாகச் செய்ய முடியுமா?' என்று 2011ல் ஒரு கருத்துக் கணிப்பு கேட்டது. வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். 2016ல் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள்! ஐந்தே வருடத்தில் வேதம் மாறிவிட்டதா? வேட்பாளர்தான் மாறினார். அந்த ஆண்டு அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள்.

"நாங்க போதகரையா தேர்ந்தெடுக்கிறோம்? வேலை செய்கிற ஆளைத்தானே!" என்பது அவர்கள் பதில். வேலை நடந்ததும் உண்மை. அவர் நியமித்த மூன்று நீதிபதிகளும் இடம்பெற்ற பெரும்பான்மைதான் 2022ல் அந்த 1973 தீர்ப்பை ரத்து செய்தது. சரி, இந்த வாதம் நியாயம் என்றால் 1998லும் நியாயம்தானே? அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?

இன்னொன்றும் பாருங்கள். 2024ல் அதே கட்சி, கருக்கலைப்புக்கு நாடு முழுவதும் தடை என்ற தன் பழைய கோரிக்கையை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டது. மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஓட்டு மட்டும் குறையவில்லை! எப்படியும் இந்த ஓட்டு நமக்குத்தான் என்று தெரிந்த பிறகு எந்தக் கட்சி பயப்படும்?

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. அதே வேதத்தை அதே பக்தியோடு வாசிக்கிற கறுப்பினக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். பில்லி கிரஹாம் 1956ல் தொடங்கிய 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை, 2019 டிசம்பரில் டிரம்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. 1998ல் கிளிண்டனைப் பற்றித் தான் எழுதியதை எடுத்துக்காட்டி, அதே அளவுகோல்தான் இவருக்கும் என்றது. கிரஹாமின் மகனே அதை எதிர்த்தார்; தன் தந்தை 2016ல் டிரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்றார். ஆனால் நிக்ஸனுக்கு நெருங்கிய நண்பராக இருந்து கசப்பை அனுபவித்த பில்லி கிரஹாம், 2011ல் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு சொன்னது என்ன தெரியுமா? மறுபடி வாழ வாய்ப்புக் கிடைத்தால் அரசியலை விட்டு விலகியே இருப்பேன் என்றார்.

இதைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராஜாவக் கண்டிக்கத்தாம்ல தீர்க்கதரிசி. ராஜா வீட்டுல சாப்பிட உக்காந்துட்டா எப்படிலே கண்டிப்பான்?" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மெஸ்ஸில் கேட்ட நண்பனே! பைபிள் இதைச் சொல்லவில்லை. அதைக் கையில் வைத்திருக்கிறவர்கள் தங்கள் ஆளை மட்டும் அதை வைத்து அளக்க மறந்தார்கள். ஆனால் உன்னிடமும் ஒரு கேள்வி. உன் கட்சித் தலைவர் தவறு செய்தால் நீ எந்த ஸ்கேலை எடுப்பாய்? எதிர்க்கட்சிக்காரனுக்கு எடுத்த அதே ஸ்கேலையா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கொள்கை எதுவாகவும் இருக்கட்டும். அடுத்தவனை அளக்குமுன் நம் கருவியின் ஸீரோ எர்ரரைப் பார்ப்போம்.

சிந்திப்போம் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை