ஸதகாவா, சம்பளப் பாக்கியா?

ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல்களில் அடிக்கடி ஓர் அறிவிப்பு ஒலிக்கிறது. இன்ன கடையில் பணிபுரியும் சகோதரருக்கு அறுவைச் சிகிச்சை; இயன்றதைக் கொடுத்து உதவுங்கள். வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. நாமும் போட்டுவிட்டு, அவருக்காக துஆ செய்துகொண்டு வீடு திரும்புகிறோம்.

சென்ற ஆண்டு அவ்வாறு அறிவிக்கப்பட்டவர், எங்கள் ஜவுளிக் கடையில் பதினோரு ஆண்டுகள் உழைத்த ஊழியர். முதலாளிகளாகிய நாங்கள் முன் வரிசையில் அமர்ந்தே அதைக் கேட்டோம். ஸதகா என்ற நிய்யத்துடன் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தோம். அது உண்மையில் ஸதகாதானா என்ற கேள்வி அன்று தொடங்கியது.

ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்காததற்கு எங்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது: காப்பீட்டில் வட்டியும் கரரும் கலந்துள்ளன. இது அலட்சியப்படுத்தத்தக்க காரணம் அன்று. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் கூடாது என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் முடிவு செய்தது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தகாஃபுல் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. நிர்ப்பந்தத்தைக் கருதி அனுமதிக்கும் ஆலிம்களும் உள்ளனர், மறுப்போரும் உள்ளனர். அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

ஆனால் பேணுதலுக்காகத் தவிர்த்த பிரீமியத் தொகை எங்கே சென்றது? எங்கள் லாபத்தில் சேர்ந்தது. பேணுதல் எங்களுடையது, அதன் விலையைக் கொடுத்தவரோ ஊழியர்.

அவருடைய நிலையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய், ஆண்டுக்கு 1,56,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குக் குடும்ப வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். பத்துப் பேர் பணிபுரியும் இடமாயின் இ.எஸ்.ஐ. கிடைத்திருக்கும், எங்களிடம் இருப்போர் எண்மர். இந்த இடைவெளியில்தான் நம் சமுதாயத்தின் சிறு கடைகளுள் பலவும் நிற்கின்றன. (பத்தாமவரைப் பதிவேட்டில் எழுதாமல் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் கடைகளும் உண்டு. அங்கே பேணுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது உரிமைப் பறிப்பு. 15,000 ரூபாய் சம்பளத்திற்கு முதலாளியின் பங்கான 3.25 விழுக்காடு 487 ரூபாய் 50 காசுதான்.)

காப்பீடு எடுக்கலாம் என்று தெளிவு பெற்றவர்கள் குழுக் காப்பீட்டை விசாரிக்கலாம். பொதுவாக ஏழு பேரிலிருந்து தருகிறார்கள். பிரீமியம் குறைந்ததைத் தேடாமல் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். முன்பே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, பிரசவச் செலவு சேருமா, ஊழியரின் பெற்றோர் சேர்வார்களா என்று கேட்க வேண்டும். பலர் ஏமாறுவது அறை வாடகை வரம்பில். மூன்று இலட்ச ரூபாய்ப் பாலிசியில் நாள் வாடகை ஒரு விழுக்காடு என்றால் 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் சேர்ந்துவிட்டால் வாடகை மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படக்கூடும். இதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் முதலாளியின் பொறுப்பே. வேலையை விட்டு நின்றால் அந்தப் பாதுகாப்பும் நின்றுவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

எங்கள் ஆலிம் அனுமதிக்கவில்லை. எனவே, தலைக்கு எவ்வளவு பிரீமியம் ஆகும் என்று விலை கேட்டு, அதே தொகையை மாதந்தோறும் வட்டியில்லா நடப்புக் கணக்கில் போட்டு வருகிறோம். அக்கணக்கு ஊழியர்களின் மருத்துவத்திற்கு மட்டுமே. எண்மரின் பணம் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சைக்கே போதாது என்பதை அறிவோம். ஆதலால் அதே வீதியின் மேலும் நான்கு கடைகளிடம் சேருமாறு பேசியுள்ளோம். இரண்டு கடையினர் இசைந்துள்ளனர். போதாமற் போனால் குறையும் தொகையைக் கடை கொடுக்கும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறோம்.

சிகிச்சைக்காக அந்தச் சகோதரர் வாங்கிய கடனில் 38,000 ரூபாய் மீதமிருந்தது. ரமளானில் அதை அடைத்தோம். ஸகாத் கணக்கில் எழுதவில்லை. சம்பளக் கணக்கில் எழுதினோம்.