திரும்பும் குடிகளும் காய்க்கும் காலமும்

சேலம் ஜில்லா சேர்வராயன் மலையில், தலைச்சோலை முதலிய ஊர்களில் காப்பி பயிரிடும் குடியானவர்கள் நன்கறிந்த விஷயம் ஒன்றுண்டு. காப்பிக் கன்று நட்ட வருஷத்தில் பலன் தருவதில்லை. பறிக்கத்தக்க அளவில் பழம் காண மூன்று நான்கு வருஷங்கள் செல்லும். நிழல் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடிக்கும் ஏறத்தாழ அக்காலமே வேண்டும். இடையில் கையில் வேறு பயிரோ கூலியோ இல்லாத சிறு விவசாயிக்குக் காப்பி காய்க்கும் முன்னரே கடன் காய்த்துவிடும்.

இவ்வளவு எளிய கணக்கு, இனப் போரினால் ஊரைத் துறந்து ஓடிப் பின்னர் திரும்பும் ஜனங்களின் விஷயத்தில் அடிக்கடி மறக்கப்படுவது வியப்பே. 1983-ஆம் வருஷ ஜூலைக் கலவரம் தொட்டு இலங்கையினின்றும் தமிழ்நாட்டுக்கு வந்த தமிழர் அநேகர். 2021-இல் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். சேலம் ஜில்லாவிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் அவர்களிற் சிலர் திரும்பினர். பலர் இன்னும் தயங்குகின்றனர். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் தயக்கமும் ஓயுமென்று எண்ணுவோர் அடுப்பின் கணக்கைப் பாராதவர்கள்.

திரும்புவோன் காணும் நிலம் எத்தகையது? யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலே 1990 முதல் இராணுவத்தின் வசமிருந்த காணிகள், போருக்குப் பின் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. வேலியும் எல்லையும் அழிந்து புதர் மண்டிய தோட்டத்தில் கிணற்றைத் தூர்வாராமல் எதுவும் விளையாது. சுண்ணாம்புப் பாறைப் பூமியான அங்கு கிணறே பாசனத்துக்கு ஆதாரம். தென்னை காய்க்க ஆறேழு வருஷம். பனையோவெனில் பாளை விடுவதற்கே பதினைந்து வருஷம் போலச் செல்லும். வன்னியில் முகாமிலிருந்து ஊர் திரும்பியோருக்கு உலர் உணவு அளிக்கப்பட்டது ஆறு மாதத்துக்கு. ஆறு மாதத்துக்கும் ஆறு வருஷத்துக்கும் நடுவே குடும்பம் எதனைத் தின்றிருக்கும்?

கடனைத் தின்றது என்பதே விடை. வங்கிக்குக் காட்டப் பத்திரமற்ற பெண்களைத் தேடி நுண்கடன் கம்பெனிகள் வந்தன. தவணை வாரந்தோறும் கேட்கப்பட்டது. வாரந்தோறும் விளையும் பயிர் ஏதுமில்லை. 2018-இல் இலங்கை அரசாங்கமே வறட்சி கண்ட ஜில்லாக்களில் ஒரு லட்ச ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ள முன்வர நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான முறை ஒன்று இந்நாட்டில் முன்னரே கையாளப்பட்டது. 1964-ஆம் வருஷ சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா ஏற்க ஒப்பியவர் 5,25,000 பேர். இவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தும் பிரஜா உரிமை மறுக்கப்பட்ட மலையகத் தமிழர். வந்தோரிற் பல குடும்பங்களுக்காக 1968-இல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கொழுந்து துளிர்க்குமுன்பே காடு திருத்தவும் கன்று நடவும் கூலி கிடைத்தது. இந்த நன்மையை மறைத்தல் தகாது. ஆயினும் வீடு வேலையோடு கட்டுண்டு கிடந்தது. வேலை ஓய்ந்தால் வீடும் போம். நிலம் ஒரு சாண்கூடத் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. தேயிலை ஒன்றையே நம்பிய கழகம் நஷ்டத்தில் ஆழ்ந்து, 2022-இல் சுமார் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்ப உத்தரவானபோது, இரண்டாம் முறை பெயர நேருமோவென்று அக்குடும்பங்கள் அஞ்சியதில் பிழையில்லை.

யாழ்ப்பாணத்தான் நிலமுண்டு கூலியில்லை என நின்றான். நீலகிரியான் கூலியுண்டு நிலமில்லை என நின்றான். இரண்டையும் சேர்த்தளிப்பது செலவு மிக்கதென்று கூறப்படலாம். முதல் இரண்டு வருஷங்களில் கிணறு தூர்வாருதல், குளக்கரை கட்டுதல், பாதை திருத்தல் ஆகிய எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளைத் திரும்பியோரைக் கொண்டே கூலிக்குச் செய்வித்தால் செலவு அவ்வளவாக மிகாது. சின்ன வெங்காயம் இரண்டு மூன்று மாதத்தில் கைக்கு வரும்; செடிமுருங்கை வருஷத்துக்குள் காய்க்கும்; ஓர் ஆட்டை வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. தென்னையும் பனையும் அவற்றின் நடுவே வளரட்டும்.

முகாமிலே பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் மண்வெட்டி பிடித்தறியாதவர்; பெயின்ட் அடித்தும் கட்டட வேலை செய்தும் பிழைத்தவர். அவர்கள் யாவரும் ஊர் சென்றதும் உழவராவர் என்று திட்டம் வகுப்பது வீண். கொத்து வேலையும் பம்பு பழுதுபார்த்தலும் அவ்வூர்களுக்குத் தேவைப்படும் தொழில்களே; அதற்குரிய கருவிகளையும் உதவிப் பொருளில் சேர்த்தல் வேண்டும்.

கடனைப் பொறுத்தமட்டில், கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் தருவதும், தவணையை வாரக் கணக்கிலன்றி அறுவடைக் கணக்கில் வைப்பதும் அவசியம். வன்னியில் காலபோக நெல் களத்துக்கு வருவது தை, மாசியில். முதல் தவணை பங்குனிக்கு முன்பு கேட்கப்படலாகாது. மழை பொய்த்த வருஷத்தில் அடுத்த பங்குனி வரை பொறுத்தல் வேண்டும்.