பலகையை மாத்தினவங்க யாரு?

ஐப்பசி பொறந்தா எங்க மலையில ரெண்டு கணக்குப் போடுவோம். மிளகுக் கொடியில சரம் எவ்வளவு நிக்கும்ங்கறது ஒண்ணு. பாதை எத்தனை நாளைக்கு அடைபடும்ங்கறது இன்னொண்ணு. சுற்றுலா வந்துட்டுப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், காரவள்ளியில இருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. முள்ளுக்குறிச்சி பக்கமா இன்னொரு பாதை உண்டு. ரெண்டும் அடைச்சா 14 நாட்டு ஜனமும் மேலேயே கிடக்க வேண்டியதுதான். (எங்ககிட்ட நாடுன்னா ஊராட்சி. எனக்கு வாழவந்தி நாடு.)

இந்த வருசம் மழைக்கு முன்னாடி ஒரு சேதி படிச்சேன். பேரிடர் மேலாண்மைச் சட்டம்னு 2005-ல போட்ட சட்டத்தை 2025-ல திருத்தியிருக்காங்க. மாநிலத் தலைநகருக்கும் மாநகராட்சி இருக்கற ஊர்களுக்கும் தனியா ஒரு நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாமாம். அதுக்குத் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத்தலைவர் கலெக்டர். நல்லதுதான், உங்களுக்கு நல்லது நடந்தா எனக்கென்ன வயித்தெரிச்சல்? நாமக்கல் 2024-ல மாநகராட்சி ஆயிடுச்சு, அதுக்கும் ஒண்ணு வரலாம். மலைக்கு? அந்தத் திருத்தத்துல மலைக்குன்னு தனியா எதுவும் இல்லை.

சரி, மலையை விடுங்க. நான் கேக்க வந்தது வேற. ஆணையத்துக்குத் தலைவரா ஓட்டு வாங்கின மேயரைப் போடல, அதிகாரியைப் போட்டிருக்காங்க. நாளைக்குத் தப்பு நடந்தா அந்த அதிகாரியை வேற ஊருக்கு மாத்துவாங்க. அவரை அந்த நாற்காலியில உக்கார வெச்ச சட்டத்தைப் போட்டவங்களை யாரு கேக்கறது?

இந்தத் துறையை மாத்தி மாத்தி அடுக்கறது புதுசில்லைங்க. உங்கள்ல பலருக்குத் தெரியாது, 2002 வரைக்கும் மத்திய அரசுல இயற்கைப் பேரிடர் வேளாண்மை அமைச்சகத்துக் கையிலதான் இருந்துச்சு. 2001-ல குஜராத் பூகம்பம் வந்துச்சு, அதுக்கப்புறம் உள்துறைக்கு மாத்தினாங்க. வறட்சி மட்டும் வேளாண்மையிலேயே நின்னுபோச்சு. 2004-ல சுனாமி, அடுத்த வருசம் சட்டம். தேசிய ஆணையத்துக்குத் தலைவர் பிரதமர், மாநிலத்துக்கு முதலமைச்சர், மாவட்டத்துக்குக் கலெக்டர்னு அதுல எழுதியிருக்கு. மீட்புப் படைன்னு ஒண்ணு வந்துச்சு, நம்ம அரக்கோணத்துல அதோட நாலாவது பட்டாலியன் இருக்கு. அந்தப் பசங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கழுத்தளவு தண்ணியில இறங்கறவங்க அவங்க. ஆனா அரக்கோணத்துல இருந்து வண்டி கிளம்பி காரவள்ளி வந்து, வளைவு வளைவா ஏறி செம்மேடு சேர எத்தனை மணி நேரம்னு நீங்களே கணக்குப் பாருங்க.

மலைப்பாதையில ஒரு மரம் சாஞ்சா மரம் ஒரு துறைக்கு, ரோடு ஒரு துறைக்கு, அறுந்த கம்பி ஒரு துறைக்கு, கீழ நசுங்கின மாட்டுக்கு நிவாரணம் இன்னொரு துறைக்கு. சில வருசத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப் பாதையில பாறையும் சவுக்கு மரமும் சேர்ந்து விழுந்துச்சு. குச்சிக்கிழங்கு லோடு ஏத்தின வண்டி அந்தாண்ட நின்னுக்கிட்டிருக்கு. ஒரு ஆபீசுக்குப் போன் போட்டா இன்னொரு நம்பர் குடுத்தாங்க. அந்த நம்பர்ல மூணாவது நம்பர். அங்க சர்வே நம்பர் கேட்டாங்க! பொழுது சாயறதுக்குள்ள கடப்பாரையும் கோடாலியும் வெச்சு நாங்களே வழி பண்ணிட்டோம். மறுநாள் ஜீப்புல வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க.

இது சின்ன விசயம். பெருசா நடந்ததைப் பாருங்க. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்தாங்க, அடையாறு கரையெல்லாம் முங்கிச்சு. அது மனுசன் உண்டாக்கின பேரழிவுன்னு தணிக்கைத் துறை அறிக்கையே சொல்லுச்சு. அந்த அறிக்கை சட்டசபைக்கு வந்ததே 2018-லதான். அதைப் படிச்சுட்டு ஒரு மந்திரியாவது பதவியை விட்டாரா?

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. முன்னெச்சரிக்கை சரியா வரலன்னு மாநில அரசு சொல்லுச்சு. அஞ்சு நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டோம்னு மத்திய அமைச்சர் சொன்னாங்க. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட மாட்டிக்கிட்ட ஜனம் இதுல யாரை நம்பும்? இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு நான் பேச வரல. ரெண்டு ஆணையம் இருக்கு, ரெண்டுக்கும் ஓட்டு வாங்கினவங்க தலைவரா இருக்காங்க, அப்படியும் பொறுப்பு நடுவுல தண்ணியோட தண்ணியா போயிடுச்சு.

1956 நவம்பர்ல அரியலூர்கிட்ட மருதையாத்து வெள்ளத்துல பாலம் போய் ரயில் கவுந்துச்சு. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினார். அவரா போய் பாலத்தை அறுத்தாரு? துறை என் கையில இருக்குன்னு ஒத்துக்கிட்டார், அவ்வளவுதான். எங்க அப்பா காலத்து ஆளுங்க இதைக் கதை மாதிரி சொல்லுவாங்க. இப்ப அது கதையாவே போயிடுச்சு.

வெளிநாட்டுலயும் இதே கூத்துதான். அமெரிக்காவுல பேரிடருக்குன்னே ஃபெமான்னு ஒரு அமைப்பு தனியா இருந்துச்சு. அதை 2003-ல உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள்ள சேர்த்துட்டாங்க, அப்ப அவங்களுக்குத் தீவிரவாதம்தான் பெரிய பயம். 2005-ல கத்ரீனா புயல் வந்து நியூ ஆர்லியன்ஸ் முங்கினப்ப உதவி சரியான நேரத்துக்குப் போய்ச் சேரல. ஃபெமா தலைவர் மைக்கேல் பிரவுன் ராஜினாமா பண்ணினார். சேர்த்து வெச்ச அதிபர் அப்படியேதான் இருந்தார்.

நம்ம சட்டத்துல ஒரு நல்ல வரி இருக்குங்க. மாவட்ட ஆணையத்துல கலெக்டருக்குப் பக்கத்துல இணைத்தலைவரா மாவட்ட ஊராட்சித் தலைவர் உக்காரணும். ஜனத்துக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் அவர். எங்க நாமக்கல் மாவட்டத்துல ஊராட்சிப் பதவியெல்லாம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. தேர்தல் வெக்கல, தனி அலுவலர்தான் பாக்கறார். ஆக, அந்த நாற்காலி காலி. புதுசா ஆணையம் அமைக்கறதுக்கு முன்னாடி இருக்கற நாற்காலியில ஆளைப் போடுங்கன்னு ஒருத்தரும் கேக்கல.

2026-ல ஓட்டுக் கேட்டு உங்க தெருவுக்கும் வருவாங்க, எங்க மலைக்கும் வருவாங்க. உங்க ஊருக்கு நகர ஆணையம் கொண்டுவர்றோம்னு சொன்னா, தப்பானா அதுக்கு எந்த மந்திரி பதில் சொல்வார்னு பேரைக் கேட்டு வாங்குங்க. நாங்க கேக்கப் போறது ரெண்டே விசயம். மழைக்காலம் முழுக்க செம்மேட்டுல ஒரு ஜேசிபியும் மரம் அறுக்கற மெஷினும் நிக்கணும். எந்தத் துறை மரம்னு பாக்காம அதை ஓட்டுன்னு சொல்ற அதிகாரம் மலைமேலயே ஒரு ஆளுக்கு இருக்கணும். டீசலுக்கு யாரு கையெழுத்துங்கறதையும் இப்பவே முடிவு பண்ணிடுங்க, வேலை அங்கதான் நிக்கும்.