கொழும்புக்கும் லயத்துக்கும் நடுவே

கொழும்பில் இருப்பது நல்லதா, ஊரோடு இருப்பது நல்லதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதை மனப்பாங்கின் விஷயமாகவே பேசி முடித்துவிடுகிறோம். ஒருவருக்கு நகரத்துச் சந்தடி பிடிக்கும், இன்னொருவருக்கு மலைக்காற்று பிடிக்கும், அவரவர் விருப்பம் என்கிறோம். மாத்தளை மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு தொடங்கும் இடமே பிழை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, அல்லது உயர்தரப் பரீட்சையையும் எழுதிவிட்டு, உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன், மாத்தளையையும் கொழும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொழும்பைத் தெரிவு செய்யவில்லை. அவன் முன்னால் இருந்தவை லயமும் கொழும்பும் மட்டுமே. பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய மாத்தளை நகரம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது ஏன் வரவில்லை என்று கேட்காமல் பட்டணமா கிராமமா என்று விவாதிப்பதில் பயன் இல்லை.

வருமானக் கணக்கிலிருந்து தொடங்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த குடும்ப வருமான, செலவின அளவீட்டின்படி, நகரப் பகுதியில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபா. கிராமப் பகுதியில் 69,517 ரூபா. தோட்டப் பகுதியில் 46,865 ரூபா. வறுமைக்கோட்டின் கீழ் இருந்தவர்கள் நகரத்தில் 6 வீதம், கிராமத்தில் 15 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். நகரத்துக்குப் போனால்தான் பிழைப்பு என்பதற்கு இந்த எண்களையே ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடுவிலுள்ள எண். இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வருபவை மட்டுமே நகரம் என்று எண்ணப்படுகின்றன. 1987இல் பட்டின சபைகள் ஒழிந்து பிரதேச சபைகள் வந்தபோது சிறு பட்டினங்கள் பலவும் புள்ளிவிபரத்தில் கிராமமாகிவிட்டன. இரத்தோட்டையும் நாவுலவும் கலேவெலவும் அவற்றின் கடைவீதி, வங்கி, பஸ் தரிப்பிடம் எல்லாவற்றோடும் 'கிராமம்' என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஆகவே தோட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கான அந்த வருமானம், சிறு பட்டினங்களையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த வருமானம். சராசரிகள் முழு உண்மையையும் சொல்லிவிடாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு விலைவாசியும் சம்பளமும் எங்கோ போய்விட்டன. ஆனாலும் லயத்துக்கும் தலைநகருக்கும் இடையில் ஒரு படி இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தப் படியில் கால் வைக்காமலேதான் நம் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள்.

கால் வைக்க முடியாததற்கு முதற்காரணம் காணி. லய அறை தோட்டத்துக்குச் சொந்தம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தாலும் அதற்கு உறுதி கிடையாது. உறுதி இல்லையென்றால் வங்கியில் ஈடு வைக்க எதுவும் இல்லை. பட்டினத்தில் ஒரு தையல் கடையோ கைப்பேசி திருத்தும் கடையோ போட முதலும் இல்லை. பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி விலாசம்கூட இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலாவது மேற்பிரிவுக்கோ கீழ்ப்பிரிவுக்கோ ஏறிப் போக வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நேர்முகம் முடிந்த பின் கையில் கிடைப்பது மலையகத்தில் புதிய செய்தி அல்ல. உள்ளூராட்சியாவது கைகொடுத்ததா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைக்கு, அவர்கள் நடக்கும் பாதையில் ஒரு லோட் கல் கொட்டவும் சட்டம் வழிவிடவில்லை. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. 31 வருடங்கள்! இந்த நிலையில் இருப்பவரிடம் போய், அமைதியான சிற்றூர் வாழ்க்கையை ஏன் விரும்பவில்லை என்று எப்படிக் கேட்பது?

விரும்பி வந்தவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. அளுவிகாரையைச் சேர்ந்த பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கொழும்பில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்துக் கொடுத்த வீடு இலங்கைக் கட்டடக்கலையில் பேர்போனது. அப்படிப்பட்டவர் 1980களில் தம் பூர்வீக ஊரான அளுவிகாரைக்கே வந்து தங்கி, ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூத்தையலும் செய்யும் நிலையத்தை நடத்தினார். 2015இல் மறையும்வரை அந்த ஊர்தான் அவர் உலகம். சிற்றூரில் இருந்துகொண்டே உயர்ந்த வேலை செய்ய முடியும், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் வருமானம் தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் அவர் திரும்பி வர ஒரு குடும்ப வீடும் நிலமும் காத்திருந்தன. ஊரைத் தெரிவு செய்வது ஊரில் பங்கு உள்ளவருக்கு மட்டுமே கைகூடும்.

பங்கைக் கொடுப்பது அரசால் ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால், இதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தைக் காட்ட வேண்டும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரம் நீருக்குள் போனபோது, அரசாங்கம் வேறிடத்தில் பாடசாலை, வைத்தியசாலை, அலுவலகங்கள், கடைகளோடு புதிய லக்கல நகரத்தையே கட்டிக் கொடுத்தது. இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதுதான். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஒரு நகரத்தைத் திட்டமிட்டு எழுப்பும் ஆற்றல் இந்த நாட்டுக்கு இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. தோட்டத்துக்கு வரும்போது அதே நாடு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று அளந்துகொண்டு நிற்கிறது. அந்த வீடுகளும் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே, பட்டினத்திலிருந்து விலகிய சரிவுகளில் அமைகின்றன. வீடு கிடைத்தும் இளைஞர் கொழும்புக்குப் போவதை நிறுத்தாததற்கு இது பெரிய காரணம். வீட்டோடு வேலையும் பாடசாலையும் நெருங்கி வரவில்லை.

மாத்தளை வெறும் ஓய்வூதியக்காரரின் ஊர் அல்ல. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த நம் முன்னோர் மலையேறிய வாசலே இதுதான். கோப்பிக் காலத்தின் தேவைக்காகத்தான் 1880இல் கண்டியிலிருந்து ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தது. இன்றும் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்றால் மாத்தளை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் மிளகை உலர்த்தி மூட்டை கட்டி வெளியே அனுப்புவதோடு ஊரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தரம் பிரித்தல், எண்ணெய் எடுத்தல், பொதி செய்தல், ஏற்றுமதிப் பத்திர வேலை என்று ஆட்களும் படிப்பும் தேவைப்படும் கட்டங்கள் தலைநகரைச் சுற்றியே நடக்கின்றன. இதை மாற்ற முடியும் என்பதற்குத் தம்புள்ளையே அத்தாட்சி. 1999இல் அங்கே பொருளாதார மத்திய நிலையம் வந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கோவாவும் கைமாறும் சந்தையாக அது வளர்ந்தது. பாரம் ஏற்றுபவர், லொறிக்காரர், தரகர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று எத்தனையோ பேருக்கு அதில் பிழைப்பு. 2025 ஏப்ரலில் இந்திய உதவியில் கட்டிய 5,000 தொன் கொள்ளளவுள்ள குளிரூட்டிய களஞ்சியமும் அங்கே திறக்கப்பட்டது. ஒரு கொள்கை முடிவு ஒரு சந்தியை நாட்டின் மரக்கறிச் சந்தையாக்கியது. மாத்தளை நகரத்து வாசனைப் பொருட்களுக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கப்படவில்லை.

கொழும்பு கொடுப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கையில் காசு புரள்கிறது. தங்கையின் படிப்பு, அம்மாவின் மருந்து, வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி எல்லாம் அந்தக் காசில்தான் வருகின்றன. ஆனால் அந்தக் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். கடை மாடியில் பாய் விரித்துப் படுத்து, காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவு பூட்டும்வரை நின்று, சேமலாப நிதி பிடிக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் ஐந்தாறு வருடம் போனால் மிஞ்சுவது என்ன? கடை, அலுவலக ஊழியர்களுக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் அந்தச் சட்டத்தை யார் கேட்கிறார்கள்? தீபாவளிக்கு முதல் நாள் இரவுவரை வியாபாரம் நடக்க வேண்டும் என்பதால், கடை பூட்டிய பிறகுதான் பையன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுவான். மலையகப் பஸ்களில் மிதிபலகைவரை ஆள் தொங்கும். விடியும்போது வீட்டுக்குப் போய் எண்ணெய் வைத்துக் குளித்து, அடுத்த நாளே திரும்ப வேண்டும். தலைநகரிலேயே தலைமுறையாக வாழ்பவர்களின் நிலையும் ஒளிமயமாக இல்லை; வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 68 ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாக நகர அபிவிருத்தி அதிகார சபையே கணக்கிட்டிருக்கிறது. 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது, வேலை போனவர்களுக்கு நகரத்தில் சாய ஒரு சுவரும் இல்லை என்பது வெளிப்பட்டது. கட்டுநாயக்க விடுதி அறைகளில் அடைபட்டிருந்த பெண்களும் புறக்கோட்டைப் பையன்களும் ஊருக்குத் திரும்ப வழி தேடித் தவித்தார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்று: தோட்டத்துப் பிள்ளை கொழும்புக்குப் போவது காசுக்கு மட்டுமல்ல, 'தோட்டத்தான்' என்ற பார்வையிலிருந்தும் சாதிப் பேச்சிலிருந்தும் தப்புவதற்கும்தான் என்பது. இது உண்மை. கூட்டத்தில் கரைந்துபோவதில் ஒரு விடுதலை இருக்கிறது. குறிப்பாக இளம் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. சிற்றூர் தன் பிள்ளைகளை மரியாதையோடு நடத்தாவிட்டால் எந்தக் காணியும் அவர்களைக் கட்டி வைக்காது. ஆனால் மரியாதை பெரும்பாலும் உடைமையைப் பின்தொடர்ந்தே வருகிறது. சொந்த உறுதியும் சொந்தத் தொழிலும் உள்ள குடும்பத்தைப் பார்த்துக் குரலை உயர்த்துபவர்கள் குறைவு. பாதுகாப்பைச் சொல்பவர்களும் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. சிறுபான்மையினர் பெருநகரத்தில் இருப்பதே நல்லது என்கிறார்கள். அதே வாரம் கொழும்பு எரிந்ததை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கோயிலை மீண்டும் எழுப்பி, 108 அடி இராஜகோபுரமும் கட்டி, மாசி மகத்தில் ஐந்து தேர் இழுக்கும் சமூகம் இந்த ஊரில் வேர் விட்ட சமூகம். இன்னொரு தரப்பு, சிறிய நாட்டில் முதலீட்டைப் பங்கிட்டுத் தெளிக்கக் கூடாது, அதிவேகப் பாதை முடிந்தால் எல்லாருக்கும் கொழும்பு பக்கத்தில் வந்துவிடும் என்கிறது. மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியிலேயே திறந்தாயிற்று. பாதை நல்லதுதான். ஆனால் இந்தப் பக்கம் வேலை இல்லாவிட்டால் அந்தப் பாதை ஆட்களை இன்னும் வேகமாக அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். 2012 கணக்கெடுப்பிலேயே மேல் மாகாணத்தில் 58 இலட்சம் பேர், நாட்டின் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். இன்னும் எத்தனை பேரை அங்கே அடைப்பது?

தோட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் போகும் என்ற கவலையை நான் ஏற்கவில்லை. வேறு வழி இல்லாததால் கொழுந்துக் கூடையைத் தூக்கும் நிலையை நம்பி நிற்கும் தொழில் தன்னைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

மலையகத் தமிழர் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை, 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் வந்து நிறைவடைந்தது. அப்போது எழுந்த கோரிக்கைகளில் காணி உரிமை முன்னால் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் இந்த மலைச்சரிவுகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதையும் காட்டிவிட்டன. மீள்குடியேற்றத்துக்கு இடம் தேடும் இந்த நேரத்தில், மேலும் ஒரு சரிவைத் தேடாமல், மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைப் பட்டினங்களை ஒட்டிய பாதுகாப்பான நிலத்தில் உறுதியோடு வீட்டுக்காணி கொடுக்க வேண்டும். வாசனைப் பொருள் பதனிடும் தொழிற்பேட்டை ஒன்றும், தமிழில் பயிற்சி தரும் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் அந்தக் குடியிருப்புகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வர வேண்டும். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்குத் தமிழ் ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் இந்தமுறை வீட்டு எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். அந்த வீடு எந்தப் பட்டினத்துக்குப் பக்கத்தில், யார் பெயரில் உறுதியோடு என்று கேளுங்கள்.