கத்தரிக்கோலுக்கு உரிமம் வேண்டுமா?



நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் மேலவீதியிலோ ஒரு முடிதிருத்தகத்தை எட்டிப் பாருங்கள். பெஞ்சில் உட்கார இடமிருக்காது. அதே வேளையில் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் மருதாணி இட்டும் மணப்பெண்களை அலங்கரித்தும் குடும்பம் நடத்தும் சகோதரிகள் கண்விழித்திருப்பார்கள்.

கடை வைக்க உள்ளாட்சியின் தொழில் உரிமம் தேவை. ஆனால், கத்தியைப் பிடிக்கும் கை தேர்ச்சி பெற்றதா என்று கேட்கும் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘காஸ்மெட்டாலஜி’ என்னும் ஓராண்டுப் படிப்பு உண்டு, கட்டாயம் இல்லை. கட்டாயமாக்க வேண்டுமா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது கட்டாயம். 1,000 முதல் 1,500 மணி நேரம் வரை பயின்று, தேர்வில் வென்ற பிறகே பிறர் தலையில் கை வைக்கலாம். விளைவு என்ன? பின்னல் மட்டுமே போட்டுப் பிழைத்த கறுப்பினப் பெண்களும் அந்தச் சட்டத்தில் சிக்கினர். பல்லாண்டு வழக்காடிய பிறகே, டெக்சாஸ் மாநிலம் 2015இல் அவர்களுக்கு விலக்களித்தது. அத்தகைய சட்டம் இங்கு வந்தால் முதலில் தொழிலை இழப்பவர் யார்? தந்தையிடம் தொழில் கற்ற நாவிதரும், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஏழைச் சகோதரியும்தானே!

அதற்காக, ஆபத்தே இல்லை என்று வாதிடலாகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவக்கூடும். மருதாணி இலை தருவது செந்நிறம். சில நிமிடங்களில் கன்னங்கரேலெனச் சிவக்காமலே கறுக்கும் கோனில் தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கலாம். அது பிஞ்சுக் கைகளைக் கொப்புளமாக்கிவிடும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்ற சிலர், முகம் வெளுக்கும் களிம்பு பூசி வந்தவர்கள் என்று மருத்துவர்கள் கண்டனர். காரணம், களிம்பிலிருந்த பாதரசம். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிலையம் பெற்றிருந்ததோ முடிதிருத்தகத்திற்கான உரிமம் மட்டுமே!

இவற்றுள் எதுவும் முடி வெட்டத் தெரியாததால் நேர்வதன்று. அழுக்கான கருவியும், அறியாத இரசாயனமும், எல்லை மீறிய கையுமே காரணம்.

இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இஸ்லாமிய நகரங்களில் ‘முஹ்தஸிப்’ என்னும் அங்காடி அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் ஷைஸரீ அவர்கள் எழுதிய முஹ்தஸிப் கையேடு, நாவிதரின் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும் என்கிறது; வேலை நாளில் அவர் பூண்டு, வெங்காயம் உண்ணலாகாது என்றும் கூறுகிறது. சோதிக்கப்பட்டது பட்டமன்று, கத்தியும் தூய்மையும்தான்!

நமக்கும் அதுவே போதும். கருவித் தூய்மை, சாயங்களின் தன்மை, ஒவ்வாமைச் சோதனை ஆகியவற்றைச் சில நாட்களில் தமிழில், கட்டணமின்றிக் கற்பித்துச் சான்றிதழ் தரலாம். கடைகளை ஆய்வாளர் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஊசியும் லேசரும் மருத்துவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். நம் மஹல்லா ஜமாஅத்துகள் சுகாதார அலுவலரை அழைத்து ஒரு நாள் வகுப்பு நடத்தினால், அரசுக்கு முன்னரே நாம் தொடங்கியவர்களாவோம்.

சட்டம் வரும்வரை பொறுப்பு நம்முடையது. நாற்காலியில் அமருமுன், “அண்ணே, புது பிளேடு போடுங்கள்” என்று சொல்லத் தயங்காதீர்கள். மகளின் கையை நீட்டுமுன், “கோனில் என்ன கலந்தீர்கள், லாத்தா?” என்று கேட்டுவிடுங்கள். நேர்மையான தொழிலாளி இக்கேள்வியால் வருந்தமாட்டார், மகிழ்வார்.