கௌரவக் குறைச்சல்

"எழுத்தாளருக்கு ஏன் ஸார் இந்த வேலை? பட்டறை இல்லையா?" என்றார் அடுத்த வீட்டுக்காரர். நான் காருக்கு அடியில் கியர் ஆயில் மாற்றிக் கொண்டிருந்தேன்.

பட்டறையில் ஒரு முறை மாற்றினார்கள். ஜி.எல்.4 கேட்கும் பெட்டிக்கு ஜி.எல்.5 ஊற்றினார்கள். அதில் சேர்த்திருக்கும் கந்தகச் சரக்கு பித்தளை வளையங்களை அரிக்கக் கூடியது. பில்லில் 'ஆயில்' என்று மட்டுமே இருந்தது.

நானோ நிரப்பும் மூடியைக் கழற்றிய பிறகே வடிக்கும் மூடியைத் தொடுவேன். மேலது இறுகிக் கிடந்தால், ஆயில் வடிந்த வண்டியை எப்படி ஓட்டுவது? கீழ் மூடியின் காந்தத்தில் இரும்புத் தூள் சேறாக அப்பியிருந்தது. எந்த பில் இதைச் சொல்லும்?

ஆயுத பூஜையன்று காரின் நெற்றிக்குச் சந்தனம் இடுகிறோம். குனிந்து அதன் வயிற்றைப் பார்ப்பது மட்டும் கௌரவக் குறைச்சல்! அந்தக் கௌரவத்துக்குத்தான் ஐயா, பட்டறையில் பணம் கட்டுகிறோம்.